கத்திரி கழிகிற வாரம்

(பாளையங்கோட்டையில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில், மே மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஆற்றிய சொற்பொழிவு)



வெயில் தாழட்டும் என்று கூட்டத்தை ஐந்தரையிலிருந்து ஆறரைக்கு மாற்றி வைத்த நூலகர் அய்யாவுக்கு முதல் நன்றி. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள் என்று அழைப்பில் போட்டிருந்தீர்கள். முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால், நம்மைவிட இவர்கள் சரியாகச் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் வாத்திச்சியாக இருந்தவள் நான். அந்த எண்ணிக்கை எனக்கும் மறக்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது கவனித்தேன், காற்று மேற்கேயிருந்து வருகிறது. போன வாரம் இதே நேரத்துக்கு ஒரு இலை அசையவில்லை. பஞ்சாங்கக் கணக்கில் அக்னி நட்சத்திரம் மே 4 தொடங்கி 28 வரை. ஒரு நாள் முன்பின் இருக்கும். சென்னையில் இருக்கிற நம் உறவுக்காரர்களுக்குக் கத்திரி முடிந்தாலும் வெயில் முடியாது, ஜூன் முழுக்கக் காய்வார்கள். நமக்கு அப்படி இல்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிற வழக்கமான நாள் ஜூன் 1. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டினால், செங்கோட்டைக் கணவாய் வழியாக அந்த ஈரக்காற்று இந்தப் பக்கம் வந்துவிடும். மேகம் பெரும் சுமையை அங்கே இறக்கிவிட்டு மிச்சத்தைத் தென்காசிப் பக்கம் தெளிக்கும். முகத்தில் வெயிலும் இருக்கும், தூற்றலும் இருக்கும். சாரல் என்று அதைச் சொல்கிறோம். அது வரப்போகிறது என்பதற்கு முதல் அடையாளம், மத்தியானத்துக்கு மேல் பொதிகையின் உச்சி கண்ணுக்குத் தெரியாமல் போவது.

வேனில் முடிகிறது என்பதற்கு இன்னும் இரண்டு அடையாளம் உண்டு. பழக்கடையில் நீலம் மாம்பழம் வந்துவிடும். பங்கனபள்ளியும் இமாம்பசந்தும் ஓய்ந்த பிறகு வருகிற பழம் அது. அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து வண்டு பறக்கும் என்று பிள்ளைகள் பயந்துகொண்டே தின்பார்கள். மற்றது, டவுனில் நோட்டுக் கடை வாசலில் பிரவுன் தாள் சுருட்டி நிறுத்தி வைத்திருப்பார்கள்.

வெயில் தணிவதற்கும் பள்ளிக்கூடம் திறப்பதற்கும் நடுவில் கிடக்கிற பத்துப் பதினைந்து நாளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். லீவு தொடங்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு வெறி இருக்கும். நடுவில் சலிப்பு வந்துவிடும். கடைசிப் பத்து நாளில் வேறொன்று வரும். இருக்கிற நாளை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற புத்தி. பெரியவர்களுக்கும் அது தொற்றும். "பிள்ளைகளை எங்கேயும் கூட்டிட்டுப் போகலையே" என்று அப்பாக்களுக்கு உறுத்துவது அப்போதுதான். வந்திருக்கிற அத்தை, "நான் வியாழக்கிழமை கிளம்பணும்" என்று சொல்லிவிடுவாள். ஆக, அவசரமாகச் சில சின்னச் சின்னப் பயணங்கள் நடக்கும். ஒரு நாளுக்குள் போய்விட்டு, இருட்டுவதற்குள் வந்துவிடுகிற பயணங்கள். என் நினைவில் நிற்பதெல்லாம் அவைதான்.

நான் சேரன்மகாதேவியில் வளர்ந்தவள். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினார். வீட்டில் ஆச்சி, அப்பா, அம்மா, நானும் இரண்டு தம்பிகளும். மே மாதம் தூத்துக்குடியிலிருந்து அத்தை தன் மூன்று பிள்ளைகளோடு வந்துவிடுவாள். மொத்தம் பத்துப் பேர். பத்துப் பேரை எங்கேயாவது கூட்டிப் போவது அப்பாவின் சம்பளத்துக்குச் சாமானியக் காரியம் இல்லை. அதனால் எங்கள் பயணங்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் இருந்தது. போகிற இடத்தில் யாரும் பெரிதாகக் காசு கேட்கக் கூடாது.

காலையில் பதநீர் குடிக்கப் போவது அதில் ஒன்று. விடிந்தும் விடியாமலும் ஊருக்கு வெளியே பனைவிளைக்கு நடப்போம். பனையேறி இறங்கி வந்து, குருத்தோலையைப் படகு மாதிரி மடக்கி முடிந்து கையில் கொடுப்பார். அதற்குப் பட்டை என்று பேர். அதில் பதநீரை ஊற்றி, இரண்டு நுங்கைப் பெருவிரலால் நோண்டிப் போடுவார். ஓலை வாசம், பதநீரின் இனிப்பு, அடியில் லேசாகச் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏற ஏறப் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்ளே தடவித்தான் மரத்தில் கட்டுவார்கள். ஒவ்வொரு மரத்திலும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறி இறங்க வேண்டும். கீழே ஓலைக் குடிசையில் அவர் மனைவி புகைக்கு நடுவில் உட்கார்ந்து மீதிப் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். கருப்பட்டி வருகிற பக்குவத்தை அந்த அம்மா கரண்டியில் எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். எங்களுக்கு நுனிவிரலில் கொஞ்சம் பாகு தருவார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. சின்ன வயசில் இதெல்லாம் உறைக்காது. பாகு மட்டும்தான் தெரியும்.

தின்று முடித்த நுங்குக் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு வீடுவரை ஓடுவோம். வைகாசி பாதி கடந்தால் நுங்கு முற்றிப் பல்லில் கடிபடும். "இனி அடுத்த வருசம்தான்" என்று அப்பா சொல்வார். வேனில் முடிகிறது என்பதை நான் நாக்கால் தெரிந்துகொண்டது அப்படி.

இன்னொன்று ரயில். இப்போது ஓடுவது அகலப்பாதை. 2012இல்தான் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரை அது வந்தது. நான் சின்னவளாக இருந்தபோது மீட்டர் கேஜ். சேரன்மகாதேவியில் ஏறினால் இடப்பக்க ஜன்னலைப் பிடிக்கச் சண்டை நடக்கும், மலை முழுக்க அந்தப் பக்கம்தான். அடுத்து காருகுறிச்சி வரும். ஸ்டேஷன் பலகையைப் பார்த்ததும் அப்பா உட்காருகிற தோரணையே மாறிவிடும். காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர். 1964இல் போய்விட்டார், நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச வருடம்தான். கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போடுகிற நாதஸ்வரம் அவருடையது. அப்பா அதை வாயாலேயே வாசித்துக் காட்டுவார். எதிர் சீட்டில் இருக்கிறவர் தொடையில் தாளம் போடுவார். முன்பின் தெரியாதவர்தான், ஆனால் கீழக்கடையம் வருவதற்குள் எங்கள் கட்டுச்சோற்றில் பங்கு வாங்கியிருப்பார்.

கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் ரயில் தாமிரபரணியைத் தாண்டும். பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நாங்கள் பைசாவைத் தண்ணீரில் எறிவோம். ஆளுக்கு ஒரு பைசா. அதை எந்த இடத்தில் எறிய வேண்டும் என்று அரை மணி நேரம் முன்னாலிருந்தே யோசனை ஓடும். கடையம் வந்தால் பாரதியின் பேச்சு. செல்லம்மாளின் ஊர். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்த பாரதி, அடுத்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதியை அங்கே கழித்தார். "இந்த மலையைத்தான் அவரும் பார்த்திருப்பாரு" என்று அப்பா சொல்லும்போது நாங்கள் மலையைத் திரும்பிப் பார்ப்போம். பாடப் புத்தகத்தில் இருக்கிற ஆள் ஜன்னலுக்கு வெளியே நடந்து போனவர் என்று தெரிவது ஒரு பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. நான் தமிழ் வாத்திச்சியானதற்கு அந்த ஜன்னலும் ஒரு காரணம்.

குற்றால அருவிக்குப் போகத் தென்காசியில் இறங்கினால் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "தண்ணி விழுதா?" கண்டக்டர், சோடாக்கடைக்காரர், எதிரே ஈரத் துண்டோடு வருகிறவர், எல்லாரிடமும் அதைக் கேட்போம். ஜூன் முதல் வாரத்துக்கு முன்னால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். பாறையில் நூல் மாதிரி வடிந்துகொண்டிருக்கும். என்றாலும் போவோம். பேரருவி மேலேயிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகத்தை அங்கே விட்டுவிட்டு, பொங்கி வழிந்து நம்மிடம் வருகிறது. அத்தனை உயரத்துத் தண்ணீரின் கீழ் ஒரு குழந்தையை நிறுத்த முடிகிறது என்றால் அந்தப் பள்ளம்தான் காரணம். அப்பா இதைச் சொல்லி முடித்ததும், அத்தை ஒவ்வொரு வருடமும் மறக்காமல், "நம்ம வீட்டுல அது எங்க அம்மை" என்பாள். ஆச்சியைச் சொல்கிறாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு. மலையில் பெய்கிற மழை நாம் நிற்கிற இடத்தில் தெரியாது. வேனில் முடிகிற நேரத்துத் திடீர் மழை ரொம்பப் பொல்லாதது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி இறங்கிய வெள்ளம் ஒரு மாணவனைக் கொண்டுபோய்விட்டது. பதினேழு வயசு. லீவில் வந்த பிள்ளை. தண்ணீர் நிறம் மாறினாலோ, குச்சியும் சருகும் வரத் தொடங்கினாலோ, காவலர் விசில் ஊதினாலோ, சோப்பு நுரையோடு இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். பிள்ளைகளா, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

குற்றாலம் என்றால் திரிகூடராசப்பக் கவிராயர் நினைவுக்கு வருவார், ரசிகமணி டி.கே.சி. வருவார். இங்கே வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கூடி உட்கார்ந்து கவிதை பேசினார்கள். பிற்காலத்தில் அவர் குற்றாலத்திலேயே இருந்தார். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கிப் பேசி மகிழ்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டு விருந்தும் பேச்சைப் போலவே பேர்பெற்றது. எனக்கு டி.கே.சி. மேல் பெரிய மரியாதை உண்டு. தமிழ்க் கவிதையை வாய்விட்டுச் சொல்லி ரசிக்கலாம் என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லித் தந்தவர்களில் அவர் முதல் ஆள். அந்தக் கதைகளைப் படிக்கிறபோதெல்லாம் என் மனசு கூடத்திலிருந்து நழுவி அடுக்களைப் பக்கம் போய்விடுகிறது. அத்தனை இலைகளுக்கும் பரிமாறியவர்கள் அருவிக்கு எத்தனை மணிக்குப் போயிருப்பார்கள்? சாரலை எந்த ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு எங்கள் வீட்டு ஆற்றங்கரையிலிருந்து வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் "ஆத்துக்குப் போறோம்" என்று முந்தின நாள் ராத்திரி அப்பா அறிவிப்பார். பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. அம்மாவுக்கும் ஆச்சிக்கும் தூங்க நேரம் இருக்காது. புளிக்காய்ச்சலை ராத்திரியே கிண்டி வைத்துவிட வேண்டும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கிறவரை கொதிக்க வேண்டும். அப்போதுதான் மே மாத வெயிலிலும் சாயங்காலம் வரை கெடாது. தயிர்ச்சோற்றை மூன்றரை மணிக்குக் கிளறுவார்கள். குழைய வடித்த சோற்றில் பாலை நிறைய விட்டு ஒரு கரண்டி மட்டும் தயிர் சேர்த்தால், நாம் சாப்பிட உட்கார்கிற நேரத்துக்கு அது தானாகத் தோய்ந்து புளிக்காமல் இருக்கும். இது ஆச்சியின் கணக்கு. எத்தனை மணிக்குச் சாப்பாடு, வெயில் எப்படி, பால் எருமையா பசுவா என்பதெல்லாம் அந்த ஒரு கரண்டியில் அடங்கும். கூட்டுறவுச் சங்கக் கணக்கைவிடக் கஷ்டமான கணக்கு அது என்று அப்பாவே சொல்வார். தேங்காய்த் துவையல், கூழ்வத்தல், மோர்மிளகாய். வாழையிலையை அடுப்பில் வாட்டி, தண்டை நசுக்கி, கிழியாமல் பத்துக் கட்டு கட்ட வேண்டும்.

கூடவே துணி. வேனில் முடிகிறபோது ஆற்றுக்குப் போவது என்றால் அந்த வருடத்து ஜமுக்காளம், தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போவது என்றும் அர்த்தம். மழை தொடங்கிவிட்டால் காயாது. பத்தமடைப் பாயைத் தனியாகச் சுருட்டிக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து நிழலில் விரிப்பார்கள். இந்த ஆற்றங்கரைக் கோரையில் நெய்த பாய், எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு வந்தது ஒன்றே ஒன்று.

கரையில் மருத மரங்கள். வேர் தண்ணீருக்குள்ளே இறங்கியிருக்கும். அந்த வேருக்கு நடுவில் உட்கார்ந்தால் சேர் மாதிரி முதுகைத் தாங்கும். ஆண்களும் பிள்ளைகளும் படித்துறையிலிருந்து குதிப்போம். காலை நீட்டி அசையாமல் வைத்திருந்தால் குஞ்சு மீன்கள் வந்து விரலிடுக்கைக் கொத்தும். யார் சிரிக்காமல் அதிக நேரம் இருக்கிறார்கள் என்று போட்டி. மூத்த தம்பிதான் எப்போதும் ஜெயிப்பான். அம்மாவும் அத்தையும் கல்லில் ஜமுக்காளத்தை அடித்துத் துவைத்து, இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கிப் பிழிவார்கள். ஆச்சி மேல்படியில் உட்கார்ந்திருப்பாள். சோற்று மூட்டைக்குக் காவல், செருப்புக்குக் காவல், அப்பாவின் கைக்கடிகாரத்துக்குக் காவல். காக்கா வந்தால் கல்லெடுப்பாள். நாங்கள் பசிக்கிறது என்று வந்தால் கட்டைப் பிரிப்பாள். சாப்பிட்ட பிறகு தூக்குவாளிகளைக் கழுவ முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பாள். அந்த அளவுதான் அவளுக்கும் ஆற்றுக்கும். வருடா வருடம் அப்படி.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். குறையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அப்பா கெட்டவர் இல்லை, நாங்களும் பாசம் இல்லாத பிள்ளைகள் இல்லை. ஆச்சி மேல்படியில் இருப்பது மருத மரம் கரையில் இருப்பது மாதிரி எங்களுக்கு இயல்பாகத் தெரிந்தது. லீவு என்பது பிள்ளைகளுக்கு விடுவது, பிள்ளைகளுக்கு முடிவது. சமைக்கிறவர்களுக்கு அது வந்ததும் இல்லை, போனதும் இல்லை. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்து எல்லாரும் கட்டிலில் சாய்கிறபோது, ஒரு ஆள் மட்டும் டப்பாக்களைக் கழுவப் போகிறாள். அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு ஆளுக்கு லீவு கிடைக்கவில்லை.

என் வீட்டில் இதற்கு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். கல்யாணமான மூன்றாவது வருடம் என்று நினைவு. வெளியே போகிற நாளில் சமையல் என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரர் முதல் தடவை கிளறிய தயிர்ச்சோறு பதினோரு மணிக்கே புளித்துவிட்டது. அடுத்த தடவை ஆச்சியின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவர் கை எனக்கு வராது. கூந்தன்குளத்துக்கு நாங்கள் வருடா வருடம் மே கடைசியில் போவது அந்தத் தயிர்ச்சோற்றோடுதான். அங்கே நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மே கடைசியில் குஞ்சுகள் இறக்கை முற்றிப் பறந்து பழகும். ஜூனில் கிளம்பிவிடும். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுக்கு அந்த ஊர்க்காரர்கள் மீன் ஊட்டுவதை என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். அன்றைக்குப் பாடம் எடுக்க எனக்கு வேலையே இல்லை.

இவ்வளவு நேரம் சொன்ன இடங்களை யோசித்துப் பாருங்கள். விளை, ரயிலடி, அருவி, ஆறு, குளம். பதநீருக்குச் சில்லறை, ரயிலுக்கு டிக்கெட், அதற்கு மேல் எதற்கும் காசு இல்லை. பத்துப் பேர் குடும்பத்தை ஒரு குமாஸ்தா சந்தோஷப்படுத்த முடிந்தது, படித்துறைக்கு யாரும் நுழைவுக் கட்டணம் வாங்காததால். எனவே அந்தப் படித்துறைக்கு என்ன ஆகிறது என்பது ஒரு குடும்ப விஷயம். தாமிரபரணியில் மணலை லாரி லாரியாக அள்ளியபோது ஆற்றின் நடுவே பள்ளம் விழுந்தது. முழங்கால் தண்ணீர் என்று நம்பிப் பிள்ளையை இறக்க முடியாமல் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு அந்த மணல் கொள்ளைக்கு எதிராக 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, எண்பது வயசுக்கு மேல் தானே நேரில் நின்று வாதாடித் தடை வாங்கினார். நீர்வளம் என்றும் விவசாயம் என்றும் அதைச் சரியாகவே எழுதினார்கள். ஒரு தாய் பயப்படாமல் பிள்ளையைத் தண்ணீரில் விடுவதற்கும் சேர்த்துத்தான் அவர் வாதாடினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சாக்கடை கலப்பது இன்னும் நிற்கவில்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். தண்ணீருக்குள் கால் வைத்தால் சேலை சுற்றுகிறது. இளைஞர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக எடுக்கிறார்கள். குறுக்குத்துறைக்கு நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் எத்தனை நாள் ஆயிற்று என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். போகாத இடத்தை யாரும் காக்க மாட்டார்கள். பணம் இருக்கிற வீட்டுக்குக் குளிரூட்டிய வளாகம் இருக்கிறது, நீச்சல் குளம் வைத்த விடுதி இருக்கிறது. பணம் இல்லாத வீட்டுக்கு ஆறு ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வேனில் என்று ஒன்று இருக்காது, வெயில் மட்டும்தான் இருக்கும்.

நேரம் ஆகிறது. பிள்ளைகள் நெளிகிறார்கள், தெரிகிறது. அட்டை போடுகிற ராத்திரியைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பிரவுன் தாள் வாங்கக் காசு பத்தாத வருடம், அப்பா பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பி வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அட்டை போடுவார். உள்பக்கம் முருகன் இருப்பார், ஒரு புத்தகத்தில் முகம், இன்னொன்றில் வேல். எங்கள் வீட்டில் எந்தப் புத்தகத்துக்கு முகம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். கணக்குப் புத்தகத்துக்கு முகம் வந்தால் அந்த வருடம் பாஸ்.

ஆச்சியின் கதைக்கு வருகிறேன்.

1978. பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருந்தது, மே மாதக் கடைசி ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரி அப்பா வழக்கம்போல, "நாளைக்கு ஆத்துக்குப் போவோம்" என்றார். அத்தை ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "போவோம். ஆனா நாளைக்கு இந்த வீட்டுல அடுப்பு எரியாது" என்றாள். அப்பா முழித்தார். "எண்ணே, நான் மூணு வாரமா பார்க்கேன். அம்மை உக்காந்து ஒரு வாய் தின்னு நான் பார்க்கல. நாளைக்கு இட்லி வாங்கு." ஆச்சி, "ஏட்டி, ஓட்டல் இட்லிக்குக் காசைக் கரியாக்காதே" என்றாள். அத்தை விடவில்லை. துணி மூட்டையும் கிடையாது என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஐந்தரை மணி வரை தூங்கினதை நான் பார்த்தேன். எனக்கு விவரம் தெரிந்து அதுதான் முதல் தடவை.

இட்லியை அப்பாவே பொட்டலமாக வாங்கி வந்தார். ஆற்றங்கரையில் ஆச்சி பழக்கத்தில் மேல்படியில் போய் உட்கார்ந்தாள். காவல் காக்க அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, முந்தானையை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அம்மா கீழ்ப்படியிலிருந்து, "அத்தை, காலையாவது நனைங்க" என்று கூப்பிட்டாள். ஆச்சி ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படியில் நின்று சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள். தலைமுடியை இறுக்கி முடிந்தாள். நாங்கள் முங்கிக் குளிக்கப் போகிறாள் என்று நினைத்தோம்.

படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கசம் உண்டு. எங்களை அந்தப் பக்கம் விடவே மாட்டார்கள். ஆச்சி நேராக அதை நோக்கி நடந்தாள். மார்பளவு வந்ததும் அப்பா, "எம்மா, அங்கன ஆழம்" என்று கத்திக்கொண்டே இறங்கினார். ஆச்சி தண்ணீரில் முன்னால் சாய்ந்தாள். ஒரு சத்தம் இல்லை, தெறிப்பு இல்லை. கையை வீசி நீந்தத் தொடங்கினாள். அறுபத்தாறு வயசு. கசத்தின் நடுவைத் தாண்டி, எதிரே துருத்திக்கொண்டிருந்த பாறையில் கையை ஊன்றி ஏறி உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் வழித்துக்கொண்டாள்.

அப்பா இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். அவருக்கு நாற்பத்தொரு வயசு. தன் அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. பிறகு அத்தைதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறந்த ஊர் ஆற்றை ஒட்டிய ஊராம். எட்டு வயசில் அண்ணன்மாரோடு நீந்தி அக்கரைத் தோப்பில் மாங்காய் பறிப்பாளாம். பதினாலு வயசில் கல்யாணம். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

பதினோரு மணி இருக்கும். பொட்டலங்களைப் பிரித்து வைத்துவிட்டு, அத்தை கரையிலிருந்து கூப்பிட்டாள். "எம்மா, சாப்பிட வா. பிள்ளையளுக்குப் பசிக்காம்."

ஆச்சி பாறையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பசிச்சா தின்னச் சொல்லு" என்றாள். "நான் இப்போ வரல."

நாங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டோம்.